ஆறு நகர்ந்தால் மாநில எல்லையும் நகருமா? கங்கை, காக்ரா, யமுனைக் கரை எல்லைத் தகராறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் இடையே கங்கையும் காக்ராவும், உத்தரப் பிரதேசத்துக்கும் ஹரியானாவுக்கும் இடையே யமுனையும் நெடுங்காலமாக எல்லையாக இருந்துவந்தன. மூன்றும் இமயமலையிலிருந்து வண்டலை வாரிக்கொண்டு வந்து சமவெளியில் கொட்டும் ஆறுகள். ஒரே தடத்தில் நிலைத்து ஓடும் பழக்கம் அவற்றுக்கு இல்லை. இதனால் எழுந்த தகராறுகளைத் தீர்க்க நாடாளுமன்றம் 1968-இலும் 1979-இலும் இரண்டு தனிச் சட்டங்களை இயற்றியது. அந்தச் சட்டங்கள் எவ்வாறு உருவாயின, எவற்றைத் தீர்த்தன, எவற்றைத் தீர்க்காமல் விட்டன என்பதையொட்டி வாசகர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

ஆற்றை எல்லையாக வைத்துக்கொண்டால் தகராறு ஏன் வருகிறது?

சமவெளியில் வளைந்து ஓடும் ஆறு, வளைவின் வெளிக்கரையை அரித்துக்கொண்டும் உட்கரையில் வண்டலைப் படியவிட்டுக்கொண்டும் செல்கிறது. ஒரு கரையில் நிலம் கரைந்துகொண்டிருக்கும்போதே எதிர்க்கரையில் புது மேடு எழுந்துகொண்டிருக்கும். பெருவெள்ளம் வந்தால் ஆறு வளைவையே அறுத்துக்கொண்டு நேராகப் பாய்ந்துவிடுவதும் உண்டு. அப்போது நேற்றுவரை வடகரையில் இருந்த ஊர் இன்று தென்கரையில் இருக்கும். இவை போதாதென்று, காக்ரா போன்ற ஆறுகள் பல கிளைகளாகப் பிரிந்து, நடுவே திட்டுகளை உருவாக்கி, மீண்டும் ஒன்றுசேர்ந்து ஓடுகின்றன.

இப்படி எழும் நிலத்தைக் கங்கை, காக்ரா கரைகளில் ‘தியாரா’ என்றும் யமுனைக் கரையில் ‘காதர்’ என்றும் அழைக்கிறார்கள். கொள்ளிடக் கரையில் நாம் படுகை என்று சொல்வதற்கு நெருக்கமானவை இவை. எருவே போடாமல் விளையும் அளவுக்கு வளமான நிலம் என்பதால் யாரும் விட்டுக்கொடுக்க விரும்புவதில்லை. வெள்ளம் வடிந்து ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் காயும்போது முதலில் ஏர் பூட்டுகிறவர் கோதுமை விதைத்துவிடுவார். பங்குனி, சித்திரையில் அறுவடைக்கு வருகிறவர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. ஒருவர் விதைத்து இன்னொருவர் அறுக்கும் இந்த இடைவெளியில்தான் தடியடிகளும் துப்பாக்கிச் சூடுகளும் நடந்திருக்கின்றன. தலைநகரங்களில் இது மாநில எல்லைத் தகராறு என்று பேசப்பட்டாலும், கரையில் இது எப்போதும் ஒரு விளைச்சல் தகராறாகவே இருந்திருக்கிறது. இதை மனத்தில் கொண்டு படித்தால் கீழே வரும் பல விடைகள் எளிதில் விளங்கும்.

‘ஆறுதான் எல்லை’ என்று எழுதிவிட்டால் போதாதா? கோடு ஆற்றின் எந்த இடத்தில் செல்லும்?

போதாது. ஆறு என்பது கோடு அன்று. அதற்கு அகலம் உண்டு, இரண்டு கரைகள் உண்டு, பல நேரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகளும் உண்டு. எனவே எல்லை ஒரு கரையிலா, நீர்ப்பரப்பின் நடுவிலா, ஆழமான ஓட்டத்திலா என்பதைத் தனியே சொல்லியாக வேண்டும். உலகில் இம்மூன்றும் நடைமுறையில் இருக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் மரே ஆற்றின் நீர்த்தடம் முழுவதும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது என்று 1855-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் சொல்லிவிட்டது. நெடுங்காலம் கழித்து, விக்டோரியா மாநிலக் கரையோரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் கரையின் மேலிருந்து சுடப்பட்டு இறந்தபோது, கொலை நடந்தது எந்த மாநிலத்தில் என்ற கேள்வி எழுந்தது. எல்லை தென்கரையின் உச்சியில் செல்கிறது, ஆகவே கரையின் சரிவும் நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்ததே என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1980-இல் முடிவு செய்தது. விக்டோரியாவில் வழங்கப்பட்டிருந்த தண்டனை அதனால் ரத்தாயிற்று.

ஆழமான ஓட்டத்தைச் சர்வதேசச் சட்டத்தில் ‘தால்வெக்’ என்ற ஜெர்மன் சொல்லால் குறிப்பார்கள். ஆப்பிரிக்காவில் சோபே ஆற்றின் நடுவிலுள்ள காசிகிலி அல்லது செடுடு என்னும் தீவு போட்ஸ்வானாவுக்கா நமீபியாவுக்கா என்ற வழக்கில், 1890-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஆங்கில வடிவம் ‘முதன்மைக் கால்வாயின் நடு’ என்றும் ஜெர்மன் வடிவம் ‘தால்வெக்’ என்றும் சொல்லியிருந்தன. தீவின் இருபுறமும் ஓடும் கிளைகளில் எது முதன்மைக் கிளை என்பதை அகலம், ஆழம், நீரளவு ஆகியவற்றைக் கொண்டு ஆராய்ந்த சர்வதேச நீதிமன்றம், வடக்குக் கிளையே முதன்மையானது என்று கண்டு, 1999-இல் தீவை போட்ஸ்வானாவுக்குக் கொடுத்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழைய ஒப்பந்தத்தில் இருந்த ஒரு சொற்றொடர்தான் வழக்கின் மையமாக இருந்தது.

வட இந்தியாவில் எந்த முறை பின்பற்றப்பட்டது?

பெரும்பாலும் ஆழ்நீரோட்ட முறையே பின்பற்றப்பட்டது. ஆற்றின் ஆழமான ஓட்டம் எங்கே இருக்கிறதோ அதுவே எல்லை. ஓட்டம் நகர்ந்தால் எல்லையும் அதனுடன் நகரும். கிழக்கு உத்தரப் பிரதேசப் பகுதிகளில் இதைத் ‘தார் தூரா’ என்றும் பஞ்சாப் பகுதியில் ‘கிஷ்தி பன்னா’ என்றும் சொல்வார்கள். கிஷ்தி என்றால் படகு. படகு ஓடும் வழியே வரப்பு என்பது அதன் பொருள். இதற்கு நேர்மாறான வழக்கமும் இருந்தது. ஆறு எங்கே ஓடினாலும் கிராமத்தின் பழைய எல்லை மாறாது, நிலம் அக்கரைக்குப் போய்விட்டாலும் அது இக்கரைக் கிராமத்தினுடையதே என்னும் அந்த வழக்கத்துக்கு ‘வார் பார்’ என்று பெயர்.

இரண்டுமே கிராமங்களுக்கு இடையேயான வழக்காறுகளாகத் தோன்றியவை என்பது கவனிக்கத்தக்கது. ஆழ்நீரோட்ட முறையில் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் எல்லையை மறுபடி பார்க்க வேண்டியிருந்ததால் வருவாய்த் துறைக்கு அது ஓயாத தலைவலியாயிற்று. பஞ்சாப் அரசு 1899-இலேயே ஆற்றோர எல்லைகளுக்கென ஒரு சட்டம் இயற்றி, கிராமங்களுக்கிடையே நிலையான கோடு வரையும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியர்களுக்குக் கொடுத்தது. மாநிலங்கள் அந்த முடிவுக்கு வந்து சேர இன்னும் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின. கிராம அளவில் தெரிந்திருந்த பாடத்தை மேலே உள்ளவர்கள் கற்க அத்தனை காலம் பிடித்தது வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆறு மெல்ல நகர்வதற்கும் ஒரே வெள்ளத்தில் தடம் மாறுவதற்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டா?

உண்டு; ஆற்றுச் சட்டத்தின் அடிப்படையே அந்த வேறுபாடுதான். வங்காளத்தில் 1825-இல் கொண்டுவரப்பட்ட பதினொன்றாம் ஒழுங்குவிதி, தெளிவான உள்ளூர் வழக்காறு இருந்தால் அதற்கு முதலிடம் கொடுத்தது. வழக்காறு இல்லாத இடங்களில், மெல்ல மெல்லச் சேர்ந்த வண்டல் நிலம் அதை ஒட்டியுள்ள நிலத்தின் உரிமையாளருக்குச் சேரும் என்றும், ஆறு திடீரெனத் தடம் மாறி ஒரு நிலத்தைப் பெயர்க்காமல், அடையாளம் கெடாமல் மறுகரையில் விட்டுச்சென்றால் அது பழைய உரிமையாளருக்கே சொந்தம் என்றும் சொன்னது.

அமெரிக்காவிலும் மாநில எல்லைகளுக்கு இதே கோட்பாடுதான். நெப்ராஸ்கா, அயோவா ஆகிய மாநிலங்களுக்கு எல்லையாக ஓடும் மிசௌரி ஆறு 1877-இல் ஒரு பெரிய வளைவை அறுத்துக்கொண்டு நேராகப் பாய்ந்தது. வளைவுக்குள் இருந்த அயோவா நிலம் நெப்ராஸ்கா பக்கம் போய்ச் சேர்ந்தது. ஆறு மெல்ல நகர்ந்தால் எல்லையும் நகரும், திடீரெனத் தாவினால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1892-இல் விளக்கியது. அங்குள்ள கார்ட்டர் லேக் என்னும் ஊர் இன்றும் மிசௌரிக்கு மேற்கே, நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்தை ஒட்டிக்கொண்டு, அயோவாவின் பகுதியாகவே இருக்கிறது.

காகிதத்தில் தெளிவாக இருக்கும் இந்த வேறுபாடு கங்கைக் கரையில் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. ஒரே பருவத்தில் பெருமளவு கரை இடிந்து விழுந்தால் அது மெல்ல நகர்ந்ததா, தாவியதா? இடிந்து விழுந்த மண்ணும் எதிர்க்கரையில் எழுந்த மண்ணும் ஒன்றா? அடுத்த ஆண்டு அதே இடத்தில் மேடு மறுபடி எழுந்தால் அது பழைய நிலமா, புது நிலமா? ஒவ்வொரு கேள்வியும் ஒரு வழக்கு. அந்த வழக்குகளில் வென்றவர்களைவிட, ஆற்றால் முழுவதும் இழந்தவர்களே அதிகம் என்று சொல்ல வேண்டும்.

உத்தரப் பிரதேசம், பீகார் தகராறு எவ்வாறு தீர்க்கப்பட்டது?

கங்கையும் காக்ராவும் சேரும் இடத்துக்கு மேலே, இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் அமைந்துள்ளது உத்தரப் பிரதேசத்தின் பல்லியா மாவட்டம். அதன் தெற்கே கங்கைக்கு அப்பால் பீகாரின் அன்றைய ஷாஹாபாத் மாவட்டமும், வடகிழக்கே காக்ராவுக்கு அப்பால் சாரண் மாவட்டமும் இருந்தன. ஆகவே பல்லியாவுக்கு இரண்டு பக்கமும் நகரும் எல்லை. ஆறு நகர்ந்தபோதெல்லாம் கிராமங்கள் மாநிலம் மாறின. மாநிலம் மாறினால் நிலச் சட்டமும், வரியும், காவல் நிலையமும், நீதிமன்றமும் மாறின. ஜமீன்தாரி ஒழிப்புக்குப் பிறகு இரு மாநிலங்களும் வெவ்வேறு நில உரிமைச் சட்டங்களைக் கொண்டிருந்ததால், ஒரு வெள்ளத்தில் ஓர் உழவரின் உரிமையின் தன்மையே கேள்விக்குள்ளாகும் நிலை ஏற்பட்டது.

இத்தகராறில் நடுவராகச் செயல்பட்டவர் சந்துலால் மாதவ்லால் திரிவேதி. பிரிவினையின்போது கிழக்குப் பஞ்சாபின் ஆளுநராகவும், 1953-இல் உருவான ஆந்திர மாநிலத்தின் முதல் ஆளுநராகவும் இருந்தவர் என்பதால் எல்லைச் சிக்கல்கள் அவருக்குப் புதியவை அல்ல. 1964 ஆகஸ்டில் அவர் பரிந்துரைகளை அளித்தார். நகரும் எல்லையைக் கைவிட்டு நிலையான எல்லைக்கு மாறுவதே அவற்றின் சாரம். ஆறு இனி எங்கே ஓடினாலும் கோடு நகராது என்ற அந்த ஏற்பாட்டுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது ‘பீகார் மற்றும் உத்தரப் பிரதேச (எல்லைகள் மாற்றியமைப்பு) சட்டம், 1968’. அது 1970 ஜூன் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. பரிந்துரைக்கும் நடைமுறைக்கும் இடையே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். இந்தியாவின் எல்லைத் தகராறுகளை வைத்துப் பார்த்தால் இது வேகமான தீர்வு என்றே சொல்லலாம்.

யமுனைக் கரையிலும் அப்படித்தானா?

வழி அதேதான். ஹரியானாவின் கர்னால், சோனிபட், ஃபரீதாபாத் பகுதிகளும் உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூர், முசாஃபர்நகர், மீரட், புலந்த்ஷஹர், அலிகர் பகுதிகளும் யமுனையின் இரு கரைகளில் எதிரெதிராக இருந்தன. இங்கும் ஆழ்நீரோட்டமே எல்லை. 1970-களில், மத்திய உள்துறை அமைச்சராக இருந்த உமாசங்கர் தீட்சித் நடுவராக இருந்து அளித்த முடிவு ‘தீட்சித் தீர்ப்பு’ என்று இன்றும் அப்பகுதி உழவர்கள் வாயில் புழங்குகிறது. அதையொட்டி ‘ஹரியானா மற்றும் உத்தரப் பிரதேச (எல்லைகள் மாற்றியமைப்பு) சட்டம்’ 1979-இல் இயற்றப்பட்டது. 1983-இல் நடைமுறைக்கு வந்தது. நிலையான கோட்டுக்கு அக்கரையில் சிக்கிய நிலப்பகுதிகள் இரு மாநிலங்களுக்கும் இடையே கைமாறின.

இரண்டு முதலமைச்சர்கள் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திட்டால் போதாதா? நாடாளுமன்றச் சட்டம் எதற்கு?

எங்கே கோடு இருக்கிறது என்பதை இணைந்து அளந்து அறிவதும், இருக்கும் கோட்டை வேறிடத்துக்கு மாற்றுவதும் வெவ்வேறு செயல்கள். முதலாவதை இரு மாநிலங்களின் நில அளவைத் துறைகளே கூடிச் செய்யலாம். இரண்டாவதைச் செய்யும் அதிகாரம் அரசமைப்பின் 3-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அதற்கான மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடுதான் கொண்டுவர முடியும். தொடர்புடைய மாநிலச் சட்டமன்றங்களின் கருத்தைக் குறித்த காலத்துக்குள் கேட்க வேண்டும். அந்தக் காலவரம்பு 1955-இல் ஐந்தாம் திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்டது. சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்பது கட்டாயம், ஏற்பது கட்டாயமில்லை என்பதை பம்பாய் மாநில மறுசீரமைப்பு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959-இல் தெளிவாக்கியது.

இத்தகைய சட்டம் அரசமைப்பின் முதல் அட்டவணையை மாற்றினாலும், 4-ஆம் பிரிவின்படி அது அரசமைப்புத் திருத்தமாகக் கருதப்படாது. சாதாரணப் பெரும்பான்மை போதும். இந்திய நிலத்தை வெளிநாட்டுக்குக் கொடுப்பது வேறு கதை. மேற்கு வங்கத்தின் பேருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானோடு பங்கிட ஒப்புக்கொண்ட விவகாரத்தில் அதற்கு அரசமைப்புத் திருத்தமே வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கருத்துரைத்ததால்தான் 1960-இல் ஒன்பதாம் திருத்தம் வந்தது.

உச்ச நீதிமன்றத்தை நாட முடியாதா?

முடியும். மாநிலங்களுக்கிடையேயான சட்ட உரிமைத் தகராறுகளை நேரடியாக விசாரிக்கும் அதிகாரத்தை 131-ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது. ஆனால் நீதிமன்றம் சட்டப்படி எல்லை எங்கே இருக்கிறது என்று சொல்லும். எங்கே இருந்தால் நல்லது என்று பார்த்துப் புதுக் கோடு வரையாது. நகரும் ஆற்றின் சிக்கலுக்கு வேண்டியது பின்னதுதான். காலமும் ஒரு தடை: ஆற்றோடு தொடர்பில்லாததானாலும், பெலகாவி தொடர்பாக மகாராஷ்டிரம் 2004-இல் தொடுத்த வழக்கு எவ்வளவு நீண்டுகொண்டிருக்கிறது என்பதை நாடே பார்க்கிறது.

காவிரி நடுவர் மன்றம் போன்ற ஒன்றை இதற்கும் அமைக்கலாமா?

அமைக்க முடியாது. 262-ஆம் பிரிவும் 1956-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான ஆற்றுநீர்த் தகராறுகள் சட்டமும் தண்ணீரைப் பற்றியவை. நிலத்தைப் பற்றியவை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்வது பத்திரிகைகளிலும் அடிக்கடி நிகழ்கிறது.

மண்டலக் குழுக்கள் உதவாதா?

1956-ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டப்படி அமைந்த மண்டலக் குழுக்கள் எல்லைத் தகராறுகளை விவாதிக்கலாம், அறிவுரை கூறலாம். ஆனால் உத்தரப் பிரதேசம் மத்திய மண்டலத்திலும், பீகார் கிழக்கு மண்டலத்திலும், ஹரியானா வடக்கு மண்டலத்திலும் இருக்கின்றன. தகராறு உள்ள இருவரும் ஒரே மேசையில் அமர்வதற்கே இரு குழுக்களின் கூட்டுக் கூட்டம் வேண்டும்.

என் நிலம் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாறினால் உரிமை போய்விடுமா?

எல்லை மாறுவதால் மட்டும் தனியாரின் உரிமை அழிந்துவிடாது என்பது பொதுவான சட்டக் கொள்கை. கைமாறும் பகுதியில் எந்தச் சட்டம் செல்லும், நிலுவையிலுள்ள வழக்குகள் எங்கே நடக்கும், வாக்காளர்கள் எந்தத் தொகுதியைச் சேர்வார்கள் என்பவற்றுக்கு எல்லை மாற்றச் சட்டங்களிலேயே ஏற்பாடு செய்யப்படுகிறது.

சிக்கல் உரிமையில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் கிராம நிலக் கணக்கைப் பார்ப்பவர் லேக்பால். அவரிடம் உள்ள உரிமைப் பதிவேடு கதௌனி. ஹரியானாவில் அதே வேலையைச் செய்பவர் பட்வாரி. அங்கே உரிமைப் பதிவேட்டுக்கு ஜமாபந்தி என்று பெயர். (தமிழ்நாட்டில் ஜமாபந்தி என்றால் ஆண்டுதோறும் வட்ட அலுவலகத்தில் நடக்கும் கணக்குத் தீர்வாயம் என்பதால் நம் வாசகர்கள் இங்கே தடுமாறக்கூடும்.) ஒரு பதிவேட்டிலிருந்து நீக்கி மற்றொன்றில் ஏற்றும்போது, பழைய அளவைப் புத்தகத்தில் ஒரு புல எண்ணாக இருந்தது புதியதில் மூன்றாகலாம்; பரப்பு பொருந்தாமல் போகலாம்; ஆற்றுக்குள் இருந்த காலத்தில் புறம்போக்காக எழுதப்பட்ட நிலம் மேடான பிறகும் அப்படியே கிடக்கலாம். இரு மாநிலப் பதிவேடுகளிலும் இரு வேறு பெயர்களில் ஒரே நிலம் இருப்பதும் இப்படித்தான் நேர்கிறது.

நிலையான எல்லை வந்து இத்தனை ஆண்டுகளாகியும் யமுனைக் கரையில் மோதல்கள் ஏன் நிற்கவில்லை?

முதல் காரணம், எல்லைத் தூண்கள். ஆற்றுப் படுகையில் நட்ட தூண்களில் பல வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. சில மணலுக்குள் புதைந்தன. வேண்டுமென்றே பிடுங்கப்பட்டவையும் உண்டு. தூண் இல்லாத இடத்தில் சட்டம் வரைந்த கோடு வரைபடத்தில் மட்டுமே இருக்கும். களத்தில் உழவர்கள் பழைய பழக்கப்படி ஆற்றையே எல்லையாகப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, மேலே சொன்ன பதிவேட்டுக் குழப்பம். மூன்றாவது, மணல். சட்டம் வரையப்பட்ட காலத்தில் ஆற்று மணலுக்கு இன்றைய விலை இல்லை. கட்டுமானம் பெருகிய பிறகு, கோதுமை விளையாத வெறும் மணல்திட்டுக்கும் போட்டி வந்துவிட்டது. ஒரு மாநிலத்தில் குத்தகை எடுத்தவர் கோட்டைத் தாண்டி அடுத்த மாநிலத்தில் அள்ளுவதைக் கண்டுபிடிக்கவும் தூண் வேண்டும்.

நிலையான கோட்டுக்கே உரிய ஒரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு நகர்ந்த பிறகு, ஒரு மாநிலத்தின் நிலம் எதிர்க்கரையில் தங்கிவிடுகிறது. அங்கே குற்றம் நடந்தால் உரிய காவல் நிலையத்தார் படகில் வரவேண்டும், அல்லது பாலம் இருக்கும் இடம்வரை சுற்றிக்கொண்டு வரவேண்டும். பக்கத்திலேயே இருக்கும் காவல் நிலையத்தார் ‘எங்கள் எல்லை இல்லை’ என்பார்கள். நகரும் எல்லை இந்தத் தொல்லையைத் தருவதில்லை. ஆயினும், காவலர் தாமதமாக வருவதைவிட ஆண்டுதோறும் யார் நிலம் என்றே தெரியாமல் இருப்பது பெரிய கேடு என்பதால், நிலையான கோட்டைத் தேர்ந்தது சரியான முடிவு என்பதே இதை எழுதுபவரின் கருத்து. தவறு, கோட்டை வரைந்ததோடு வேலை முடிந்தது என்று இரு அரசுகளும் எண்ணியதில் இருக்கிறது.

நகரும் ஆற்றுக்குள் தூணை எப்படித்தான் நிலைக்கவைப்பது?

எல்லைக்கோட்டின் மேலேயே நட வேண்டும் என்ற கட்டாயமில்லை. வெள்ளம் எட்டாத உறுதியான நிலத்தில், இரு கரைகளிலும் சான்றுத் தூண்களை நட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் எல்லைப் புள்ளி எந்தத் திசையில் எத்தனை மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று பதிந்துவிட்டால், நடுவிலுள்ள தூண் போனாலும் புள்ளி போகாது. செயற்கைக்கோள் வழி அளவைக் கருவிகள் வந்த பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சென்டிமீட்டர் அளவு துல்லியத்தில் குறித்துவைக்க முடிகிறது. தூண் என்பது இன்று அளவைக்காரர்களுக்காக அன்று, உழவர்களுக்காகவே தேவைப்படுகிறது. ஏர் ஓட்டுகிறவர் கண்ணுக்கு ஆயத்தொலைவுகள் தெரியாது. இரு மாநிலமும் தனித்தனியே அளந்தால் இரண்டு கோடுகள் கிடைக்கும் என்பதால், இந்திய நில அளவைத் துறை போன்ற பொது அமைப்பு உடனிருந்து கூட்டு அளவை செய்வதும், ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பின்பும் தூண்களைக் கூட்டாகப் பார்வையிடுவதும் வேண்டும்.

அக்கரையில் சிக்கிய துண்டுகளை இரு தரப்பும் மாற்றிக்கொண்டால் என்ன?

அருமையான வழி; 1979-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு முறை அதைத்தான் செய்தது. நாடுகளுக்கிடையேயும் இது நடந்திருக்கிறது. பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் இடையே மாஸ் ஆற்றை ஒட்டி 1843-இல் வரைந்த எல்லை, பிற்காலத்தில் கப்பல் போக்குவரத்துக்காக ஆற்றை நேராக்கியபோது பொருந்தாமல் போயிற்று. பெல்ஜியத்தின் துண்டு நிலம் டச்சுக் கரையில் ஒட்டிக்கொண்டது. பெல்ஜியக் காவலர்கள் அங்கே தரைவழியாகப் போக முடியாததால் அது சட்டமற்ற இடமாயிற்று. தலையற்ற ஒரு பிணம் அங்கே கண்டெடுக்கப்பட்ட பிறகு பேச்சு வேகம் பிடித்தது. 2016-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2018-இன் தொடக்கத்தில் பெல்ஜியம் ஏறத்தாழ 16 ஹெக்டேரைக் கொடுத்து 3 ஹெக்டேரைப் பெற்றுக்கொண்டது. கொடுத்தது அதிகம், பெற்றது குறைவு என்று அங்கே யாரும் போர்க்கொடி தூக்கவில்லை.

ஆனால் அந்த நிலத்தில் யாரும் குடியிருக்கவில்லை, யாரும் பயிரிடவுமில்லை என்பதை மறந்துவிடக்கூடாது. யமுனைக் கரையில் ஒவ்வொரு துண்டிலும் யாரோ ஒருவருடைய கோதுமை நிற்கிறது. மேலும், நகர்ந்துகொண்டே இருக்கும் ஆற்றில் இன்று மாற்றிக்கொண்டது நாளை மறுபடி அக்கரைக்குப் போகும்.

தமிழ்நாட்டுக்கு இப்படிப்பட்ட சிக்கல் உண்டா?

காவிரி சிறிது தொலைவுக்குக் கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையாக ஓடுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையொட்டி 2008-இல் அங்கே எல்லை பற்றிய சர்ச்சை எழுந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் அங்கே காவிரி பாறையைக் குடைந்து ஓடுகிறது. கங்கையைப் போல ஆண்டுதோறும் இடம் மாறும் வண்டல் படுகை அன்று. அதனால் அந்தச் சர்ச்சை, ஆறு நகர்ந்ததால் வந்த இவ்வகையைச் சேர்ந்ததில்லை.

3-ஆம் பிரிவின் வழியே எல்லை மாற்றப்பட்டதற்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைகளை ஒட்டி 1959-இல் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஆந்திர, சென்னை எல்லை மாற்றச் சட்டத்தால்தான் திருத்தணி நம் பக்கம் வந்தது. நடுவரின் பரிந்துரை, பிறகு நாடாளுமன்றச் சட்டம் என்ற அதே வழியைத்தான் பின்னர் கங்கைக்கும் யமுனைக்கும் பின்பற்றினார்கள்.

ஆற்றோர எல்லையில் நிலம் வாங்குபவரோ பயிரிடுபவரோ எவற்றைப் பார்க்க வேண்டும்?

ஆற்றைப் பார்க்கக் கூடாது என்பதே முதல் விடை. நிலம் எந்தக் கரையில் இருக்கிறது என்பது எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைக் காட்டாது. எல்லை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளுக்கு முந்தைய உரிமைப் பதிவேட்டின் நகலையும் பிந்தைய பதிவேட்டின் நகலையும் வாங்கி, புல எண்ணும் பரப்பும் தொடர்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். அக்கரைப் பதிவேட்டிலும் அதே நிலம் வேறு பெயரில் இருக்கிறதா என்று இரு மாநில வட்ட அலுவலகங்களிலும் கேட்க வேண்டும். கிராம வரைபடத்தில் உள்ள எல்லைப் புள்ளிகளுக்கும் களத்தில் நிற்கும் தூண்களுக்கும் இடையேயுள்ள தொலைவை உரிமம் பெற்ற அளவையாளரைக் கொண்டு அளந்துகொள்வது நல்லது. தூண் இல்லையென்றால், கூட்டு அளவை வேண்டி இரு மாவட்ட ஆட்சியர்களுக்கும் எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்திவிட்டு, அதன் பிறகே விதைப்பில் இறங்கலாம்.